டிராலிக்கு ஓர் ஆயுத பூஜை

போன ஆயுத பூஜைக்கு உங்களில் யாராவது ரயில் வண்டிக்குப் பொட்டு வைத்தீர்களா? நான் வைத்தேன்!

கணியம்பாடியைத் தாண்டி, ஜவ்வாது மலை ஆரம்பிக்கிற இடத்தில் நண்பர் சிவலிங்கத்துக்கு ஒரு மாந்தோப்பு. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ரயில்வே கழித்துப்போட்ட பழைய மோட்டார் டிராலி ஒன்றை ஏலத்தில் எடுத்து — அதுதான், இன்ஜினீயர்கள் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார்களே, அந்தக் குட்டி வண்டி — தோப்புக்குள்ளேயே கொஞ்ச தூரம் தண்டவாளமும் போட்டுவிட்டார். ஊரே சிரித்தது. நானும்தான்.

எதற்காக இத்தனை பாடு என்று தெரிந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய அப்பா முனுசாமி ரயில்வேயில் டிராலிமேனாக இருந்தவர். மோட்டார் இல்லாத தள்ளு டிராலி. அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். இவர் தண்டவாளத்தின் மேலேயே ஓடி, பின்னாலிருந்து தள்ளுவார். சர்வீஸ் முழுக்கத் தள்ளியவர், ஒருநாள்கூட முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை அவரை அதில் உட்காரவைத்து ஓட்டிவிட வேண்டும்... மகனுக்கு அவ்வளவுதான் ஆசை.

பூஜைக்கு முன்னால் சிவலிங்கம் வண்டியைச் சுற்றிக் காட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு பட்டை பெல்ட். பல் கிடையாது, சங்கிலி கிடையாது. வெறும் கேன்வாஸும் ரப்பரும்! லீவரை இழுத்தால் பெல்ட் இறுகி வண்டி நகரும். விட்டால் தளர்ந்து நிற்கும்.

"ரொம்ப டைட் வெச்சா பேரிங் பூடும். லூசா வுட்டா வழுக்கும்" என்றார்.

"கழண்டு வெளியே வந்துடாதா?"

"புல்லியத் தடவிப் பாருங்க."

தடவினேன். பெல்ட் ஓடுகிற உருளைதான் புல்லி; தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் லேசாக மேடாக இருந்தது. பெல்ட் எப்போதும் மேட்டைத் தேடித்தான் ஏறுமாம்; அதனால் விலகாமல் நடுவிலேயே ஓடுமாம். உலகத்தில் எல்லாம் பள்ளத்துக்குத்தானே ஓடும்? இதை எவன் கண்டுபிடித்தானோ... மனதுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கற்பூரம், பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. முன்சீட்டைப் பார்த்ததும் முனுசாமி பின்வாங்கினார்.

"அது ஆபீசர் சீட்டுடா. நான் இன்னாத்துக்கு அங்க?"

"ஒக்காருங்க மாமா, நம்ம வண்டிதான்" என்று மருமகள் வசந்தா கையைப் பிடித்து ஏற்றினார். சீட்டின் நுனியில் உட்கார்ந்தார் பெரியவர்.

இன்ஜின் உறுமியது. சிவலிங்கம் லீவரை இழுத்தார். வண்டி அசையவில்லை! புல்லி மட்டும் சுற்றுகிறது, பெல்ட் வழுக்குகிறது.

நாங்கள் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் முன்சீட் காலி. எப்போது இறங்கினாரோ... வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார் முனுசாமி. சிவலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைத் தொட்டால், விரலெல்லாம் எண்ணெய்.

"நான்தாங்க..." என்றார் வசந்தா. "தையல் மிஷின், அருவாமனை எல்லாத்தையும் எண்ண போட்டுத் தொடச்சேன். இதுவும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

திட்ட முடியுமா? நம் வீடுகளில் ஆயுத பூஜை என்றால் எண்ணெய் போட்டுத் துடைப்பதுதானே மரியாதை! இறுகப் பிடிப்பதே வேலையாக இருக்கும் ஒரு பொருளுக்கு எண்ணெய்தான் எமன் என்று யாருக்குத் தோன்றும்?

வசந்தாவே ஓடிப்போய், கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவை அள்ளி வந்தார். பெல்ட்டிலும் புல்லியிலும் அப்பி, மாவில் எண்ணெய் ஊறியதும் துடைத்து, மறுபடி அப்பி, மறுபடி துடைத்து... கடைசியில் பெல்ட் கைக்கு வழுக்கவில்லை.

பெரியவரை மறுபடி ஏற்றினோம். நானும் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். லீவரை இழுத்ததும் பெல்ட் இறுகியது. ஒரு குலுக்கல்... வண்டி நகர்ந்தது! அந்த ஒற்றைப் பட்டை எங்கள் மூன்று பேரையும் அவ்வளவு இரும்பையும் இழுத்துக்கொண்டு மாமரங்களுக்கு நடுவே ஓடுகிறது. எதிரே மலை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பெரியவர் மலையைப் பார்க்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி யார்றா தள்றது?"

"யாருமில்ல நைனா... நீ முன்னாடி பாரு."