தடித்த ஃபைபரை நம்பி இறக்கிய கயாக்

நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில், இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் ஒன்றை பிளைவுட்டில் நானே செய்தேன். மரத்தின் மேல் ஒட்ட ஃபைபர் வாங்கியபோது, மெல்லிய நெய்த துணியை ஒதுக்கிவிட்டு, தடித்த பாய் போன்றதை எடுத்தேன். தடித்ததுதான் உறுதி என்று நினைப்பு! எபாக்சி என்னும் ஒட்டு ரெசினைப் பூசியபோது அது சரியாக ஊறவில்லை. அங்கங்கே வெள்ளைத் திட்டாக நின்றது. அதன் மேல் நீலப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.

இராஜாக்கமங்கலம் பக்கம் காயலில் இறக்கினோம். முன்னால் மனைவி சுஜா, பின்னால் நான். படகு வழுக்கிக்கொண்டு போனதும் இருவரும் சந்தோஷத்தில் கத்தினோம். நடுக்காயலில் அடிப்பக்கம் பாறையில் உரசியது.

"ஏங்க, தண்ணி கேறுது!" என்று சுஜா அலறினாள்.

அடுத்த நிமிடம் கவிழ்ந்தோம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால், படகைப் பிடித்தபடி கரை சேர்ந்தோம்.

முட்டத்தில் ஃபைபர் வள்ளம் கட்டும் நண்பர் ஜெபா வந்து, விரிசல் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஃபைபர் தோல் போல உரிந்து வந்தது.

"மக்கா, இந்தப் பாய் பாலியெஸ்டர் ரெசினுக்கு உள்ளதுலா? இதுல இழையைப் பிடிச்சு வச்சிருக்க பசை எபாக்சில கரையாது. வெள்ளையா நின்னப்பவே ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?"

பழையதை உரித்து, நெய்த துணி ஒட்டினேன். எபாக்சி ஊறியதும் துணியே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, மர ரேகை பளபளத்தது! போன ஞாயிறு மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டோம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இப்போதெல்லாம் எதையும் முதலில் துண்டுப் பிளைவுட்டில் ஒட்டிக் காயவைத்து, சுஜாவிடம் கொடுக்கிறேன். அவள் குறடால் முழு பலத்தோடு இழுப்பாள். ஃபைபர் மட்டும் உரிந்தால் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்; அதோடு மரச் சிராயும் பெயர்ந்து வந்தால்தான் படகைத் தொட எனக்கு அனுமதி.