சுவருக்கு அந்தப் பக்கம்

எனக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தென்காசியில் வாழ்க்கைப்பட்டது அதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஆனி பிறந்தால் குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் வந்துவிடும். எல்லாரும் அருவிக்கு ஓடுவார்கள். நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கு அலைவேன். யுத்த காலத்தில் ஒரு சாரலின்போது எனக்குத் தலைச்சன் பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். தாய் இல்லாதவள் என்பதால் பிரசவமும் புகுந்த வீட்டில்தான் என்று ஆயிற்று.

மாமியாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் சாம்பிராணி போடுவார்கள். புகை ஏற ஏற எனக்கு இழுக்கும். இழுக்க இழுக்க, "எவ கண்ணு பட்டுச்சோ" என்று இன்னொரு பிடி அள்ளிப் போடுவார்கள்.

வீட்டுக்காரருக்கு வடகரையில் வயல் வேலை. ஒருநாள் திரும்பி வந்தவர், புகைக்குள் நான் திணறுவதைப் பார்த்தார். தூபக்காலைத் தூக்கி முற்றத்து மழையில் வைத்தார். ஜன்னலைத் திறந்தார். பிறகு என் பின்னால் தரையில் உட்கார்ந்து, தன் முதுகை என் முதுகோடு சேர்த்துக்கொண்டார். பெற்றவள் பார்க்கப் பெண்டாட்டி பக்கத்தில் உட்காராத காலம் அது. எனக்கு உயிர் போகிற நேரத்திலும் வெட்கம் போகவில்லை.

"தோளைத் தொங்கப் போடு. நான் இழுக்கும்போது இழு, விடும்போது விடு. அவசரப்படாத" என்றார். பிறகு "ஓ... ஓ..." என்று நீளமாகக் குரல் கொடுத்தார். மிரண்ட காளையை அமர்த்த அவர் வண்டியில் கொடுக்கும் குரல். நானும் உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சை விட்டேன். பேச்சு வந்ததும் முதலில் சண்டைக்குத்தான் போனேன்.

"என்னைய மாடுன்னு நெனச்சியளா?"

"மாடு சொன்னாக் கேக்கும்ட்டி."

அடுக்களையிலிருந்து மாமியார், "நல்லா இருக்குலே உன் வைத்தியம்! பாக்குதவ சிரிப்பா" என்றார்கள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்து உட்காருவார், இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். சும்மா இருக்கிற நாளில் பழக்கினால்தான் வந்த நாளில் உடம்பு கேட்கும் என்பார். சூடான அந்த முதுகு எனக்கு வேண்டியிருந்தது. போதும் என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தால், "இன்னும் லேசா இழுக்குது" என்று பொய் சொல்வேன். தெரிந்தேதான் மறுபடி உட்காருவார்.

ஒருநாள் காலையில் வலியும் இழுப்பும் சேர்ந்தே வந்தன. பேறு பார்க்கிற அறைக்குள் ஆண் வரக் கூடாது. வலியில் மூச்சை அடக்கிக்கொண்டு விட முடியாமல் தவித்தேன். "மூச்சை விடு தாயி, பிள்ளை தாங்காது" என்று மருத்துவச்சி பதறினாள். மாமியார்தான் கதவைத் திறந்து கத்தினார்கள்.

"ஏலே, அங்கன என்ன முழிச்சிக்கிட்டு நிக்கே? சுவத்துல சாஞ்சு உக்காந்து அந்தக் குரலைக் குடுலே! சத்தமா!"

"ஓ... ஓ..." என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இந்தப் பக்கம் நான் முதுகைச் சாய்த்துத் தோளைத் தொங்கப் போட்டேன். தெருவே கேட்டிருக்கும். மத்தியானத்துக்குள் மகள் பிறந்தாள். அவள் அழுத பிறகும் அவர் நிறுத்தவில்லை, ஆள் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் போய்ப் பல வருஷமாயிற்று. சாரல் வந்தால் இழுப்பும் தவறாமல் வருகிறது. அதே சுவரில்தான் சாய்ந்து உட்காருகிறேன். தோளைத் தொங்கப் போடுகிறேன், உதட்டைக் குவிக்கிறேன், எல்லாம் தெரியும். மூச்சு சீரான பிறகும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. "இன்னும் லேசா இழுக்குது" என்று சொல்லிப் பார்க்கிறேன். மறுபடி உட்கார ஆள் இல்லை.