அப்பா அவிழ்த்த பாய்

போன வாரம் பாசாரில், மீன் கடையில், அந்த டீச்சரைப் பார்த்தேன். "நல்லாருக்கியாமா?" என்றார். நான் மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

எனக்கு அப்போது பத்து வயது. மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப்பள்ளி. ஆங்கில வாரத்துக்கு நாடகம் போட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பாய்மரக் கப்பல் ஏறி, அட்லாண்டிக் கடல் தாண்டி, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன கதை. கரையை முதலில் பார்க்கும் பிள்ளை நான். ஒரே வசனம். "லேண்ட்! ஐ சீ லேண்ட்!" இரண்டு வாரம் வீட்டில் அதையே கத்தினேன்.

"கரை வந்திருச்சுல்ல, எறங்கி வந்து சோறு தின்னு" என்பார் அம்மா.

அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினார். கப்பலுக்குப் பாய் இல்லை என்றதும் சரக்கை மூடும் லோரிக் கித்தானைக் கழுவிக் கொண்டுவந்தார். காலையிலேயே மேடையில் மூங்கில் நட்டு அவரே கட்டினார். லோரிக்காரர் முடிச்சு. எந்தக் காற்றுக்கும் அவிழாது. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் விட்டுவிடும்.

அப்பா போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் உள்ளே எங்களுக்குப் பவுடர் பூசினார். எனக்கு இரண்டு தரம் பூசினார். தள்ளி நின்று பார்த்தார்.

"இது ஒட்டாது லா. வெள்ளைக்காரின்னு யார் நம்புவா? நீ கடலுக்குப் போ."

கடல் என்றால் நீலத் துணி. அதன் அடியில் குனிந்துகொண்டு ஆட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே நாலு பேர். எல்லாரும் என் நிறம். டீச்சரும் என் நிறம்தான்.

என் வசனத்தை வேறொரு பிள்ளை சொன்னது. துணிக்குள்ளிருந்து கேட்டேன். அப்புறம் மேடையில் செருப்புச் சத்தம். அப்பா ஏறி வந்து முடிச்சை இழுத்தார். பாய் விழுந்தது.

"கப்பல் முங்கிருச்சு டோய்!" என்று பின்வரிசைப் பையன்கள் கூவினார்கள்.

டீச்சர் ஓடி வந்தார். "என்னண்ணே இது? நாடகம் இன்னும் முடியல!"

"மழை வருது டீச்சர். லோரியில சரக்கு நனையும்."

அப்பா நீலத் துணியைத் தூக்கினார். "வெளிய வா பாப்பா. அந்த முனையப் புடி."

கித்தானை ஒரு ஆள் மடிக்க முடியாது. மண்டபமே பார்க்க இரண்டு பேரும் மடித்தோம். பாதி. அதில் பாதி. அப்பா அவசரமே படவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் கையால் நீவினார். எனக்கு மானம் போனது.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஒங்களாலதான் எல்லாம் கெட்டுப் போச்சு!" அப்பா கித்தானைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அன்று லோரி காலியாக நின்றது. ஏறும்போது கதவுப் பிடி வெயிலில் கையைச் சுட்டது. கையை உதறிக்கொண்டு ஏறினேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.