முடிக்கு வாங்கிய கிண்ணம்

என் மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டுகிற கிண்ணத்தின் விளிம்பில் என் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன எவர்சில்வர் கிண்ணம். பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம் கடலூரிலிருந்து என்னையும் குழந்தையையும் சிதம்பரத்தில் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, அம்மா கட்டிக்கொடுத்த பாத்திரங்களோடு இதுவும் வந்துவிட்டது. முதல் நாள் கூழை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எழுத்து கண்ணில் பட்டது. இது காசு கொடுத்து வாங்கிய கிண்ணம் இல்லை. என் அண்ணியின் தலையிலிருந்து உதிர்ந்த முடியைக் கொடுத்து வாங்கியது. அதில் அண்ணியின் எழுத்து இல்லாமல் என் எழுத்து இருப்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மேலும்தான்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அண்ணன் கல்யாணம் நடந்தது. அண்ணி அடுத்த தெருவில் இருந்த நர்சரி பள்ளிக்கு டீச்சராகப் போனாள். இடுப்பைத் தொடும் பின்னல். வந்த இரண்டாம் வருஷத்திலிருந்தே அது மெலியத் தொடங்கியது. தலை வாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி ஒரு கவரில் சேர்த்து வைப்பதும், சைக்கிளில் வருகிற முடிக்காரரிடம் அதைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவதும் எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் பழக்கம். மற்ற வீடுகளில் கவர் நிறைய ஒரு வருஷம் ஆகும். ஒரு கரண்டியோ சோப்பு டப்பாவோ கிடைக்கும். எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு கவர் நிறைந்தது. தெருவில் எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? "உங்க வீட்டுக்கு மட்டும் எப்படி கிண்ணமா குடுக்குறான்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதும், அம்மா சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கேட்கவேண்டியதைக் கேட்டவர் அந்த முடிக்காரர் ஒருவர்தான். ஒரு முறை கவரைப் பிரித்து, ஒரு இழையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "யம்மா, இது ஒரே ஆளு முடியா? நுனியில வெள்ளையா வேரு நிக்குது பாருங்க. அறுந்த முடி இல்ல, உதுந்த முடி. அந்தப் பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னா?"

"ஒடம்புக்கென்னா, கல்லாட்டம் இருக்குறா. திங்கறதும் தூங்கறதுந்தான் வேல. நீ கிண்ணத்தக் குடுப்பா" என்றாள் அம்மா. அண்ணி பின்னால் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அடுத்த வாரம் பாத்திரக்கடையில் பெயர் வெட்டக் கொடுத்தபோது, "பாப்பா எடுத்ததுதான, பாப்பா பேரையே வெட்டட்டும்" என்று சொன்னது அண்ணி. பாப்பா என்றால் நான்.

இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால், எங்கள் வீட்டுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. முடி எவ்வளவு உதிர்கிறது என்று தெரியும். மாதாமாதம் எட்டு நாள், ஒன்பது நாள் அவள் சாமி மாடத்தில் விளக்கேற்ற வராததால், எத்தனை நாள் ரத்தம் போகிறது என்பதும் தெரியும். சித்திரை வெயிலில் எல்லோரும் ஃபேனுக்குக் கீழே கிடக்கும்போது அவள் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை தேடுவாள். "அக்னி நட்சத்திரத்துல போத்திக்கிற ஒரே ஜீவன் எங்க மருமவதான்" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரிப்போம், அண்ணியும் சேர்ந்து. முகம் ஊதியிருந்தது. குரல் கம்மியிருந்தது. மாடியில் துணி காயப்போடப் போனால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். ஒவ்வொன்றையும் பார்த்தோம். ஆனால் அவை எங்கள் வீட்டில் நோயின் அடையாளங்களாக இல்லை. அண்ணியின் குணங்களாக இருந்தன. தூங்குமூஞ்சி. சோம்பேறி. சுத்தபத்தம் தெரியாதவள். முடி கொட்டுவதற்கும் அவள்தான் காரணம்: ஈரத்தலையோடு பின்னுகிறாள், ஷாம்பு ஜாஸ்தி போடுகிறாள், போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள், எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறாள். கவலைப்படுகிறாள் என்பதையும் ஒரு குற்றமாகத்தான் சொன்னார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் படித்தேன். ரெக்கார்டு நோட்டில் தைராய்டு சுரப்பியை வரைந்து பாகம் குறித்தேன். அருகில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்து, "பட்டாம்பூச்சி மாதிரி அழகா இருக்குதே பாப்பா, இது எங்க இருக்கும்?" என்று கேட்டாள். கழுத்தில் இருக்கும் என்று சொன்னேன். அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது சுரக்காவிட்டால் களைப்பு வரும், குளிர் தாங்காது, முடி உதிரும் என்று மறுநாள் காலை மனப்பாடமாக ஒப்பித்தேன். பரீட்சையிலும் எழுதினேன். முழு மதிப்பெண். ஒப்பித்தபோதும் பக்கத்தில் சீப்போடு உட்கார்ந்திருந்தவளை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. படித்தவள் என்று என்னை யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் அந்த ரெக்கார்டு நோட்டுதான் ஞாபகம் வரும்.

பிறகு முடி கொட்டுவது நிற்கவேண்டும் என்று திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார்கள். அண்ணி பூமுடி, அதாவது ஒரு கொத்து மட்டும், கொடுக்கலாம் என்றுதான் கிளம்பினாள். கெடிலம் ஆற்றுப் பாலம் தாண்டும்போதே அம்மா மாற்றிவிட்டாள்: "முழு மொட்டையா போட்டுடு. அடிச்சு வளந்தாத்தான் கருகருன்னு அடர்த்தியா வரும்." அது பொய் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. கோவிலுக்கு எதிரே இருக்கிற குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர்; மருந்து மலை. அதன் படிகளில் அண்ணி மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். "சின்ன வயசுக்காரி உக்காருறா, நான் ஏறுறேன் பாரு" என்று அம்மா முன்னால் போனாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்த அண்ணியைப் பார்த்து யாரும் குறை சொல்லவில்லை. வேண்டுதல் அல்லவா. பல வருஷம் கழித்து அவள் என்னிடம் சொன்னாள்: "மொட்டத்தலையா இருந்த அந்த மூணு மாசந்தான் பாப்பா எனக்கு நிம்மதி. கீழ கொட்டறதுக்கு ஒண்ணும் இல்லியே." முடி வளர்ந்தது, முன்னைவிட மெல்லிசாக, நெற்றிக்கு மேலே மண்டை தெரிய. "டீச்சர், உங்களுக்கு எங்க தாத்தா தலை" என்று ஒரு குழந்தை சொன்னதாம். வேலையை விட்டுவிட்டாள். அதற்கும் சோம்பேறித்தனம் என்றுதான் பெயர்.

நான் சிதம்பரத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்தபோது என் பின்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வழுக்கை விழுந்தது. புழுவெட்டு என்று ஹாஸ்டல் தோழிகள் சின்ன வெங்காயம் தேய்த்தார்கள். ஒரே வாரத்தில் அம்மா பதறிக்கொண்டு வந்துவிட்டாள், கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணாயிற்றே. கவனித்துப் பாருங்கள்: எனக்குக் கொட்டினால் அது ஹாஸ்டல் தண்ணி, ஹாஸ்டல் சாப்பாடு. அண்ணிக்குக் கொட்டினால் அது அண்ணி. எனக்கு ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வாரத்தில் டாக்டர். அவளுக்குத் தலை முழுக்க, நாலு வருஷத்துக்கு மேலாக, ஒருவரும் இல்லை. அன்றைக்குக்கூட அவளைக் கூட்டி வந்தது பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கத்தான்.

மேலவீதிப் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மா. என் தலையைப் பார்த்து, இது புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பு தன் முடியையே வேற்றாள் என்று நினைத்துத் துரத்துகிறது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்று சொல்லி மருந்து எழுதினார். எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரோரம் நின்ற அண்ணியைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"அவ எங்க மருமவ டாக்டர். அவளுக்கு ஒண்ணுமில்ல, தொணைக்கு வந்திருக்கா" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லன்னு நான்தாம்மா சொல்லணும்."

கழுத்தைத் தடவிப் பார்த்தார். புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்திருந்ததைக் காட்டினார். நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. தூக்கம் எப்படி, குளிர் தாங்குமா, தீட்டு எத்தனை நாள், என்ன சாப்பிடுகிறீர்கள், சில மாதம் முன்பு பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா, பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, வேறு மாத்திரை எடுக்கிறீர்களா, மனசுக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னாள். நாலாவது கேள்வியில் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவுங்க சொல்லட்டும்." அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு கம்மிய குரலில், "எப்பவும் களைப்பா இருக்குது டாக்டர்" என்று ஆரம்பித்து, பேசிக்கொண்டே போனாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைவு என்று வந்தது. அதனால் மாதாமாதம் ரத்தப்போக்கு கூடி, ரத்தம் இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. முடி கொட்ட நூறு காரணம் உண்டு, இழுத்துப் பின்னுவதும் பட்டினி கிடப்பதும்கூடக் காரணம்தான், ஆனால் எண்ணெயை மாற்றுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. லீவு சொல்லிவிட்டு நானும் அவர்களோடு கடலூருக்குக் கிளம்பினேன்; பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும், "அவளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அவள் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே இருந்தது. அம்மா கெட்டவள் இல்லை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இதை எழுதலாமா, அவள் படித்தால் என்ன நினைப்பாள் என்று இந்த வரியிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பருவத்தில் ஐந்து வருஷம் ஒரு பெண்ணுக்குத் திரும்பி வராது. தினமும் ஒரு மாத்திரையில் அண்ணியின் களைப்பு போனது, முடியும் ஓரளவு வந்தது. நெற்றிக்கு மேலே மட்டும் நிரம்பவில்லை. பள்ளி வேலைக்கு அவள் மறுபடி போகவே இல்லை.

இப்போது என் முறை. குழந்தைக்கு நாலு மாதம் ஆனதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தலையணையில், கூழில், மகளின் பிஞ்சு விரல்களில். "பாப்பா மொகம் பாக்குது இல்ல, அதான் கொட்டுது" என்றார் என் மாமியார், அதாவது அத்தை. யார் மேலும் பழி போடாத ஒரு காரணத்தை முதல்முறையாகக் கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே, "பாப்பாவுக்கு மொட்ட போடறப்ப நீயும் போட்டுக்கம்மா, அடர்த்தியா வரும்" என்றார். எனக்குத் திருவந்திபுரத்துப் படிகள் கண்முன் வந்தன. சத்து மாத்திரையை மறந்தது என் தப்பா, தூக்கமில்லாதது காரணமா, வெறும் பயமா என்று நானே என்னைக் குடைந்துகொண்டு அண்ணிக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் அப்புறம் யோசி. ரத்தம் பாத்தியா பாப்பா?" என்றாள். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். "என் முடிதான் உன் பொண்ணுக்குச் சோறு போடுதா? நல்லா வெந்நியில கழுவிட்டு ஊட்டு."

பார்த்தேன். தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம் கொஞ்சம் குறைவு. பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படிக் கொட்டுவது இயல்பு, சில மாதத்தில் நின்றுவிடும், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். ஆக நான் கவலைப்பட்டு முடிய ஒரு வாரம்தான். எனக்கு எப்போதும் ஒரு வாரம்தான்.

போன வியாழக்கிழமை இந்த ஊர் முடிக்காரர் வந்தார். இப்போது மொபெட், ஸ்பீக்கரில் பதிந்த குரல். அத்தை உள்ளேயிருந்து ஒரு கவரோடு வந்து, "உன்னுதையும் எடுத்தாம்மா. ரெண்டையும் சேத்துப் போட்டா ஒரு கிண்ணம் குடுப்பான், பாப்பாவுக்கு ஆவும்" என்றார். இரண்டு கவரையும் பக்கத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன். பிள்ளை பெற்ற என் கவரைவிட அத்தையுடையது பெரிதாக இருந்தது.

"இது எத்தன மாசத்து முடி அத்தை?"

"மூணு மாசந்தான், பொங்கலுக்கு அப்புறம் சேத்தது."

"ஒடம்புக்கு என்னா பண்ணுது உங்களுக்கு?"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "எனக்கென்னம்மா, வயசாவுது." கவரின் வாயைச் சுருட்டிக்கொண்டே, "படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். ஸ்பீக்கர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கவர்களை நான் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அத்தையைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, அதே கிண்ணத்தில் மகளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். கட்டை விரலுக்கு அடியில் என் எழுத்து உறுத்தியது. மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவை எடுத்து, பெயர் என்ன, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். அத்தை வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார், நானே சொல்லிவிடுவேன் என்று. எனக்கும் வாய் வரை வந்துவிட்டது.

"அவுங்க சொல்லட்டும்" என்றேன்.