அஞ்சலை அக்கா வெட்டிய குழி

லோபாக்கில் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. லுக்குட்டிலிருந்து அஞ்சலை அக்காவின் மகள் லெட்சுமி. "அம்மா போயிருச்சு சின்னம்மா. காலையில எழுந்திரிக்கவே இல்ல" என்றாள்.

உங்களில் பலருக்கு அஞ்சலை அக்கா லுக்குட் பசாரில் கீரை விற்றவர். பேரம் பேசினால் முறைப்பவர். நான் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் ஆற்றோர ரப்பர் தோட்டத்தில் அவரோடு பால் வெட்டியவள். அன்றைய அஞ்சலையை அறிந்தவர்கள் அநேகமாக யாரும் இப்போது இல்லை. அதனால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரன் ஓடிய பிறகு டீசல் வரவில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிய பம்பு நின்றுபோனது. ஆற்றைத்தான் நம்பினோம். கடல் ஏறும்போது ஆறு உப்புக் கரிக்கும்; வற்றி இறங்கும்போது மேலிருந்து நல்ல தண்ணீர் வரும், அப்போது குடத்தோடு ஓடுவோம். பிறகு ஜப்பான்காரர்கள் லயத்துக்கு மேலே கரையில் ஒரு கொட்டகை போட்டார்கள். ரப்பரைக் காய்ச்சி லாரிக்கு எண்ணெய் எடுக்கும் இடம். மிஞ்சிய கறுப்புக் கசடை ஆற்றில் கொட்டினார்கள். இறங்கும் தண்ணீர் அதைக் கீழே கொண்டுவந்தது. கடலுக்குப் போய்ச் சேருமுன் ஏறும் தண்ணீர் திருப்பிக் கொண்டுவந்தது. காய்ச்சிக் குடித்தும் நாற்றம் போகவில்லை.

அக்காவின் இளைய மகன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். வாந்தி எடுத்தே போனான். சுற்றுவதற்குத் துணி இல்லை. சாக்கில் சுற்றிப் புதைத்தோம்.

அந்தக் கசடைக் கொட்டியவர் அவன் அப்பா முனியாண்டி அண்ணன். கொட்டகையில் அவருக்குக் கொடுத்த வேலை அது. பிள்ளையைப் புதைத்த மறுநாளும் போய்க் கொட்டினார். அன்று சாயங்காலம் அக்கா அழவில்லை. "இனிமே ஆத்துல ஊத்தாதீங்க. நான் குழி வெட்டித் தர்றேன்" என்றார்.

"எங்க வெட்டுவ?"

"நம்ம மரவள்ளிக் கொல்லையில."

அரிசி இல்லாத காலம். அந்தக் கிழங்குதான் அவர்கள் சாப்பாடு. முற்றாத செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கரையைவிட்டுத் தள்ளி வெட்ட ஆரம்பித்தார். நாங்கள் சில பெண்களும் மண்வெட்டியோடு போனோம். அடியில் களிமண்ணை மிதித்து இறுக்கினோம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஓடிவந்து கத்தினார்: "பைத்தியமா உனக்கு? ஜப்பான்காரன் பாத்தா தலை இருக்காது!"

"புள்ளையே போச்சு. தலைய வெச்சு என்ன பண்றது மண்டோரே?"

சில நாளில் ஜப்பான் அதிகாரி பார்த்துவிட்டார். கசடைத் தூரம் சுமந்து நேரத்தை வீணாக்குகிறான் என்று அண்ணனை எல்லோர் முன்னும் அறைந்தார். விழுந்தவரை எழுப்பி மறுபடியும் அறைந்தார். ஆனால் குழியை மூடச் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் வீங்கிய முகத்தோடு குழிக்கே சுமந்தார்.

கரைச் சேற்றில் ஒட்டியது கழுவிப் போக நிறைய மழை வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல எண்ணெய்ப் படலம் விலகியது. அக்கா மகனைப் போலவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்த என் கைக்குழந்தை மகளுக்கு அது நின்றது.

அதன் பிறகுதான் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். எங்கள் லயத்தில் முதலில் லாரியில் ஏற்றியது முனியாண்டி அண்ணனை. குழிதான் காரணம் என்றார்கள் சிலர். தெம்புள்ள ஆளை எப்படியும் விடமாட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். லாரி கிளம்பும்போது அண்ணன் குனிந்து, "அது ரொம்பிருச்சுன்னா பக்கத்துல இன்னொன்னு வெட்டு" என்றார். அக்கா வெட்டினார். அண்ணனின் வேலையையும் அவரே கேட்டு வாங்கி, சண்டை முடியும்வரை கசடைச் சுமந்தார்.

சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். அண்ணனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். அவராகவே பேச்செடுத்தார். "குழி வெட்டாம இருந்திருந்தா அவர விட்டிருப்பானுங்களா? நீ சொல்லு லா, கூடவே இருந்தவதானே."

"தெரியல அக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியல. நேத்து உன் மவ அவ பேரப்புள்ளைய தூக்கிட்டு வந்தா" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயத் தொடங்கினார்.

அவர் கேட்ட கேள்வி என்னோடு வந்துவிட்டது. இத்தனை வருடம் அவர் அதைத் தனியாக வைத்திருந்தார். இனி நான் வைத்திருப்பேன்.