இரண்டு டேப்பும் ஒரு பொய்யும்

என் தவறை மறைக்க ஒரு மாணவியின் மேல் பழி போட்டேன். நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவன் நான்.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களை என் கணினியில் நிரப்பித் தருவேன். கடைசி நாள், மாலை ஐந்துக்குத் தளம் மூடிவிடும். அவசரத்தில் அதே தளத்தைப் பிரவுசரின் இரண்டு டேப்களில் திறந்து, முதலில் ரஹ்மத்தின் கணக்கிலும் அடுத்ததில் ஸ்டெல்லாவின் கணக்கிலும் நுழைந்தேன். கடைசியாக நுழைந்த கணக்கே இரண்டு டேப்களிலும் இயங்கும் என்பது எனக்குத் தெரியாது. ரஹ்மத்துக்காக நிரப்பியதெல்லாம் ஸ்டெல்லாவின் விண்ணப்பத்தில் போய்ச் சேர்ந்தது.

நாலரை மணிக்கு ரஹ்மத்தும் அவள் அப்பாவும் ஓடி வந்தார்கள். “சார், செல்லுல பாத்தா பாப்பா விண்ணப்பம் காலியா கெடக்கு!”

என் திரையில் இரண்டு டேப்களிலும் ஸ்டெல்லாவின் பெயரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், “இவ செல்லுல எதையோ தொட்டு அழிச்சிருக்கா, பாய்” என்றேன்.

“நான் எதையும் தொடல, அத்தா.”

“வாய மூடு. சார் பொய் சொல்வாரா? படிச்சுக் கிழிச்சது போதும், வீட்ல கெட!”

அவளை இழுத்துக்கொண்டு அவர் தெருமுனை வரை போய்விட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே ஓடினேன். “பாய், தப்பு என்னோடது. அவ எதையும் தொடல.”

ஒரு டேப்பை மூடி, இரண்டு விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ரஹ்மத்தினுடையது போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக இரண்டு நிமிடம்.

இப்போதெல்லாம் ஒரே டேப்தான். சேமிக்கும் முன் மேலே உள்ள பெயரைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்கிறேன்.

ரஹ்மத்துக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்கே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க சார்” என்றாள். “நீங்க சொன்னத அத்தா ரெண்டு தடவையும் நம்புனாரு. நான் சொன்னத ஒரு தடவகூட நம்பல.”