இதற்கு முன் நாடு கடத்தப்பட்டிருக்கிறீர்களா?

“காகிதத்துல கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்டா, கேக்காததை...” என்று திண்டிவனத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி ஞாபகமில்லை. கேட்காததை எழுதக்கூடாது என்றாரா, வாயால் சொல்லிவிட வேண்டும் என்றாரா, தெரியவில்லை.

கிட்டத்தட்ட அவர் தொழிலே கடைசியில் எனக்கும் வாய்த்தது. 2004 முதல் 2006 வரை, மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். அடுத்தவர் வாழ்க்கையைப் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அடைக்கும் தொழில். தமிழும் இங்கிலீஷும் படித்தவன், வளைகுடாவில் பதினாறு வருஷம் இருந்தவன் என்று நம்பி வந்தார்கள். அதில் கடைசி ஏழு மாதம் நான் சிறையில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. கம்பெனி ஸ்டோரில் செம்புக் கம்பி காணாமல் போனது. ஸ்டோர் கீப்பர் நான். இரண்டு மொழி படித்தவனிடம் மூன்றாவது மொழியில் ஒரு வாக்குமூலத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். தண்டனை முடிந்ததும், திரும்பி வந்தால் அடையாளம் தெரிவதற்காகக் கண்ணைப் படமெடுத்து, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனி மூடிவிட்டது என்று ஊரில் சொன்னேன். என் ஒரே மகளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் வாழ்க்கைப்பட்டதும் அதே நாட்டில் வேலை பார்க்கிறவருக்கு. தாயில்லாத பெண். வாரம் தவறாமல் போன் செய்து, “எப்பப்பா வர்றே?” என்பாள்.

பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவர்களே, அதில் விழுந்த ஒரு முத்திரையால் தூக்கம் போனவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும்.

கிளியனூர் வரை வந்த அலை

சுனாமிக்குப் பிறகு, பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாக எழுதித் தரச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். குப்பத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடே இல்லை. அவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. ஒருநாள் சலவைச் சட்டையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். “சுனாமில போச்சு சார்.” எந்த ஊர் என்றேன். “கிளியனூருங்க.” அந்த ஊரில் நின்றால் கடல் காற்றுகூட மேலே படாது.

பேனாவை மூடினேன். அவர் அவசரமாகப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தொலைந்துபோன அதே பாஸ்போர்ட். “பழைய நம்பர் கேப்பாங்களே, தப்பா எழுதிடக் கூடாதுன்னு எடுத்தாந்தேன்.” உள்ளே ஒரு பக்கம் முழுக்க, திரும்ப வரக்கூடாது என்ற முத்திரை. வேலையாட்கள் கேம்ப்பில் சரக்கு விற்று மாட்டியவர். முடியாது என்றேன். எழுந்து போகும்போது சொன்னார்: “மொத்த புக்கும் போவ வேணாம் சார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அலை எடுத்துனு போயிருந்தா போதும்.”

ரோட்டில் உட்கார்ந்தவர்

முருகேசன் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். மலேசியாவில் ஓட்டல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பாஸ்போர்ட்டுக்கு வந்தார். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்வியைப் படித்துக் காட்டினேன். எட்டு வருஷத்துக்கு முன் கூலி உயர்வு கேட்டு எல்லோரும் ரோட்டை மறித்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் வாய்தாவில் இருந்தது. போலீஸ் வந்ததும் ஓடியவர்கள் பேரில் வழக்கில்லை; இவர் ஓடவில்லை.

‘ஆம்’ என்று போட்டால் பாஸ்போர்ட் சிக்கிக்கொள்ளும், ‘இல்லை’ என்று போட்டால் விசாரிக்க வரும் ஏட்டிடம் சிக்கிக்கொள்வீர்கள் என்று விளக்கினேன். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“கொலை பண்ணவனுக்கும் இதே கட்டம்தானா சார்?”

“ஆமாம்.”

“ரோட்ல உக்காந்ததுக்கு அதுல பாதி அளவுல ஒரு கட்டம் போட்டிருக்கக் கூடாதா?”

மெஷின் கூப்பிட்ட பேர்

கூனிமேட்டு ரஃபீக் பாயும் நான் இருந்த அதே நாட்டில் சிறையில் இருந்து, நாடு கடத்தப்பட்டு வந்தவர். கெஜட்டில் பேரை மாற்றி, மீசையை எடுத்து, புது பாஸ்போர்ட்டோடு என்னிடம் வந்தார். இதற்கு முன் நாடு கடத்தப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியது, கிளியனூர்க்காரருக்கு முடியாது என்ற இதே கைதான். கூலிகூட வாங்கவில்லை. காரணம் பெருந்தன்மை அல்ல. அவர் அந்த நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் நானும் போகலாம், மகளைப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

விமானம் ஏறிப் போனவர் நாலாம் நாள் கடை வாசலில் நின்றார். அதே சட்டை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “கண்ணைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். ஸ்கிரீன்ல பழைய பேரு வந்துச்சு. எங்கம்மா மவுத்தானதுக்கு அப்புறம் என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த மெஷின்தான் சார்.”

கீழ்புத்துப்பட்டு எல்லை

பாண்டிச்சேரியில் தாள், கார்பன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கீழ்புத்துப்பட்டு செக்போஸ்ட்டில் வழக்கம்போல நிறுத்தினார்கள். போலீஸ்காரர் ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்வது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“பாட்டில் இருக்குதான்னு பாக்கறேன் சார். நீங்க எதுக்கு கண்ணாடிய கழட்டிட்டு என்னை மொறைக்கிறீங்க?”

என் விண்ணப்பம்

மகளுக்கு ஏழாம் மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு அவளால் இங்கே வர முடியாது. மாப்பிள்ளை எனக்கு விசா விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பினார். முதல் வாரம், கடையில் கூட்டம் அதிகம் என்றேன். அடுத்த வாரம், பி.பி. இருக்கிறது என்றேன். மூன்றாவது வாரம் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஃபாரம் எழுதறே, எனக்காக ஒண்ணு எழுத உனக்குக் கை வரலியாப்பா? அம்மா இருந்திருந்தா நடந்தாவது வந்திருக்கும். இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்.”

இரண்டு வாரம் போன் வரவில்லை. பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி, அந்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்ட விண்ணப்பம் மேஜையில் கிடந்தது. மூன்று வருஷத் தொழிலில் என்னால் நிரப்ப முடியாமல் போனது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, கம்பெனி மூடவில்லை, அங்கே கடைசி ஏழு மாதம் நான் ஜெயிலில் இருந்தேன் என்று சொன்னேன்.